கிப்புஷி சுரங்க நிர்வாகிகளுக்கு, கோலார் தங்கவயலிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கனடா நிறுவனமான இவன்ஹோ மைன்ஸ், காங்கோ அரசு நிறுவனமான ஜெகாமின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். காங்கோவில் சாம்பியா எல்லையை ஒட்டி நீங்கள் நடத்தும் கிப்புஷி துத்தநாகச் சுரங்கத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மாதிரி ஒரு ஊரில்தான் பிறந்து வளர்ந்தேன். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஊர் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கிப்புஷி திரும்ப ஓடத் தொடங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். 1924-இல் பெல்ஜியக்காரர்கள் தொடங்கிய சுரங்கம் அது. 1993-இல் நிறுத்தப்படும் வரை 6 கோடி டன் தாது கொடுத்திருக்கிறது. அதில் 11 விழுக்காடு துத்தநாகம், 7 விழுக்காடு அளவுக்குச் செம்பு. இவ்வளவு தரமான தாதுவைப் பல சுரங்கக்காரர்கள் வாழ்நாளில் பார்க்க மாட்டார்கள். இப்போது நீங்கள் எடுக்கும் ‘பிக் ஜிங்க்’ பகுதியில் துத்தநாகம் மட்டுமே 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது. முப்பது ஆண்டு சும்மா கிடந்த ஊருக்கு 2024 ஜூனில் மறுபடி வேலை வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நான் பேச வந்தது விரிவாக்கத்தைப் பற்றி. ஆண்டுக்கு 8 லட்சம் டன் தாது அரைக்கும் ஆலையை 9.6 லட்சம் டன் அரைக்கும்படி மாற்றியிருக்கிறீர்கள். உங்கள் 2022 சாத்தியக்கூறு அறிக்கைப்படி எடுக்கத்தக்க இருப்பு சுமார் 1 கோடியே 8 லட்சம் டன். சுரங்கத்தின் ஆயுள் 14 ஆண்டு. இருப்பு அதேதான், அள்ளும் வேகம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. புதுத் தாது கிடைக்காவிட்டால் கிப்புஷியின் நாளில் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் கழிந்துபோகும். பங்குதாரருக்கு அது முன்கூட்டியே வரும் லாபம். ஆலை ஓடத் தொடங்கிய ஆண்டில் பிறந்த பிள்ளைக்கோ, பள்ளிப் படிப்பு முடிவதற்குள் அப்பாவின் வேலை போய்விடும் என்று அர்த்தம். ஆய்வுத் துளைகள் போடுகிறீர்கள், கிடைக்கவும் கிடைக்கலாம். அதை நம்பி ஒரு ஊரை உட்கார வைக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: தாது எடுப்பதை ஒரு மாதம் நிறுத்திவைக்கலாம், பம்பை நிறுத்த முடியாது. உங்களுக்கே இந்த அனுபவம் உண்டு. 2011-இல் கிப்புஷியின் முக்கிய பம்பு நிலையம் செயலிழந்தது. தரைமட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 850 மீட்டர் வரை தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்களும் தாதுவும் ஏறி இறங்கும் 1,240 மீட்டர் ஆழக் குழியான ஐந்தாம் ஷாஃப்ட்டின் அடிப்பகுதி மொத்தமும் முழுகிப்போனது. அதை இறைத்து முடிக்க நீங்கள் பட்ட பாடும் செலவழித்த பணமும் சாதாரணமில்லை. கிணறு வற்றவற்ற ஊற்று வேகமாகச் சுரப்பது போல, ஆழம் கூடக்கூட இறைப்பும் கூடும். தாது தீர்ந்த மறுநாள் அந்த பம்புகளுக்குக் கரண்டு பில் கட்டுவது யார்?

எங்கள் ஊரில் யாரும் கட்டவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப், நியூட்ரினோ என்ற நுண்துகள் ஆராய்ச்சிக்கு உலக விஞ்ஞானிகள் வந்து இறங்கிய சுரங்கம், இன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. அது தங்கச் சுரங்கம். உங்களுடையது கந்தகம் கலந்த உலோகத் தாது. காற்றுப் பட்ட சுவர்களின் மேல் தண்ணீர் ஏறும்போது உலோகம் கரைந்து வரும். கிப்புஷியைச் சுற்றியிருப்பது சுண்ணாம்பு போன்ற டோலமைட் பாறை என்பதால் அமிலம் முறிந்துவிடும் என்பார்கள் உங்கள் பொறியாளர்கள். சரிதான். ஆனால் அமிலம் முறிந்த தண்ணீரிலும் துத்தநாகம் கரைந்தே இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிப்புஷி நகரத்துக் குடிநீர் நிலையத்துக்கு மின்சாரமும் மருந்தும் பராமரிப்பும் நீங்கள் கொடுப்பதாகப் படித்தேன். நல்ல காரியம். எங்களுக்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்கம்தான் தண்ணீர் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடு எல்லாம் அதுவே. எல்லாவற்றையும் ஒரே கை கொடுத்ததால், அந்தக் கை மடங்கியபோது பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாமல் போனது. மிச்சமிருப்பது தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கு மேல் சயனைடு கழிவு மண். காற்றடிக்கும் மாதங்களில் கொடியில் காயும் துணியை உதறினால் சாம்பல் நிறத் தூள் பறக்கும், சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியாது. சுரங்கத்தில் இறங்கிய வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். கிப்புஷிக்காரருக்கு லுபும்பாஷி என்ற பெருநகரம் முப்பது கிலோமீட்டர்தான். அவர்களும் அப்படித்தான் போக வேண்டியிருக்கும்.

காங்கோவின் 2018 சுரங்கச் சட்டப்படி விற்பனையில் 0.3 விழுக்காடு சுற்றுவட்டார மக்களின் வளர்ச்சிக்குப் போக வேண்டும். அது சுரங்கம் ஓடும் காலத்துக்கான பணம். விற்பனை நின்றால் அதுவும் நிற்கும். ஆகவே நான் கேட்பது வேறு. ஆலையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு டன் துத்தநாகத்துக்கும் ஒரு தொகையை, கம்பெனி கணக்கில் சேராமல், கடன் கொடுத்தவர் கையும் அமைச்சர் கையும் படாத தனி நிதியில் போட்டு வையுங்கள். பம்பு, குடிநீர், கழிவுக் குளத்தின் கரை ஆகிய மூன்றுக்கும் மட்டுமே அது திறக்கப்பட வேண்டும். உலோக விலை நன்றாக இருக்கும் ஆண்டில் இரட்டிப்பாகப் போடுங்கள். விலை விழுந்தபின் இந்தப் பேச்சை எடுத்தால் எந்த நிர்வாகமும் காது கொடுக்காது, எங்களுக்குக் கொடுக்கவில்லை.

மூடல் திட்டத்தைப் பிரெஞ்சிலும் சுவாஹிலியிலும் அச்சிட்டு, ஊரைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். எத்தனை ஆண்டுக்கான தாது மிச்சமிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் ஷாஃப்ட் வாசலில் எழுதி ஒட்டுங்கள். கீழே இறங்குகிறவனுக்கு அது தெரிந்தால், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது, வீடு கட்டுவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்துகொள்வான். அடுத்த விரிவாக்கத்துக்கு இயக்குநர் குழு கையெழுத்துப் போடும் கூட்டத்திலேயே இந்த நிதிக்கும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாரிக்குப்பத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பிள்ளை,
கோலார் தங்கவயல்.