கடலுக்குப் போகும் தண்ணீர் எங்கள் கானில்தான் ஓடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

கரையோரப் பாடசாலை மாணவர்கள் கடற்கரையைச் சுத்தம் செய்யும் படமும் செய்தியும் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்திருந்தன. நல்ல விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செய்தியின் கடைசி வரியில், கடல் வளம் பற்றிய இந்த வகுப்புகள் இனி 'எல்லாக் கரையோர மாவட்டங்களுக்கும்' விரிவாக்கப்படும் என்றிருந்தது. அதைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 9, 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இப்படியான ஒரு பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் சிரித்துவிட்டு, "உங்களுக்குக் கடல் எங்க மிஸ் இருக்கு?" என்றார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அதனால் அதையே வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டேன். முக்கால்வாசிப் பேருக்குக் கடல் என்றால் கொழும்புக் காலிமுகத்திடல், காலிமுகத்திடல் என்றால் இறால் வடை. ஒரு பையன் மட்டும், "நம்ம ஆறு போய்ச் சேருற இடம்" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. தலவாக்கலையில் பெய்யும் மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. டிக்கோயாவில் பெய்தால் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, களனியாகிக் கொழும்புக் கடலில் விழுகிறது. தோட்டத்து லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒருவர் எறியும் ஷாம்பு பக்கெட்டுக்கும் தேயிலை மலையில் போடும் யூரியாவுக்கும் இதே வழிதான்.

போன ஐப்பசியில் பெருமழை பெய்த மறுநாள், பாடசாலைக்குக் கீழே ஓடும் கானில் (வடிகாலில்) இரண்டு சோடாப் போத்தல்களில் தண்ணீர் அள்ளிவரச் சொன்னேன். பிளேன்டீக்குப் பால் ஊற்றிய நிறம். போத்தலுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தோம், வெளிச்சம் இந்தப் பக்கம் வரவேயில்லை. முருகைக்கல் (பவளப்பாறை) கல் இல்லை, உயிர் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. அந்தச் சின்னஞ்சிறு பிராணியின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருப்பதையும், பாசி வெயிலைக் கொண்டு சமைப்பதில்தான் முருகைக்குப் பெரும்பங்கு சாப்பாடு கிடைப்பதையும் அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கவைக்க முடிந்தது. கலங்கல் தண்ணீர் மேலே நின்றால் கீழே அடுப்பு எரியாது. தண்ணீர் வழமையைவிட ஒரு பாகை கூடச் சூடாகிச் சில வாரம் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும், முருகை வெளுத்துப்போகும். 1998இல் நம் நாட்டு முருகைப் பார்களில் பெரும்பகுதி அப்படித்தான் போனது.

அப்புறம் ஒரு போத்தலில் மட்டும் ஒரு பிடி உப்புப் போட்டுக் குலுக்கி, இரண்டையும் ஜன்னலில் வைத்துவிட்டோம். மதிய இடைவேளைக்குள் உப்புப் போட்டதில் சேறு திரண்டு அடியில் தங்கிவிட்டது. மற்றது மறுநாளும் கலங்கலாகவே இருந்தது. ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேறு ஏன் படிகிறது, கண்டல் (அலையாத்தி) மரம் ஏன் அந்தச் சேற்றில் காலூன்றி நிற்கிறது, இறால் குஞ்சு ஏன் அந்த வேர்களுக்குள் ஒளிந்து வளர்கிறது என்று வரிசையாகக் கேள்வி வந்தது. காலிமுகத்திடல் வடைக்கு அன்றைக்குத்தான் ஊர் தெரிந்தது.

கேள்வி கேட்பதில் பதினைந்து வயதுப் பிள்ளைகளைச் சும்மா நினைக்கக் கூடாது. "டீச்சர், இடையில டேம் இருக்கே, எல்லாம் அங்கேயே நின்னுடாதா?" என்றாள் ஒருத்தி. வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தாலே மேல் கொத்மலை அணை தெரியும். அதற்குக் கீழே கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று வரிசையாக இருக்கின்றன. சேற்றில் நிறைய அங்கே தங்குவது உண்மைதான். ஆனால் மணலும் சேர்ந்தே தங்கிவிடுகிறது. ஆறு கொண்டுபோய்ச் சேர்க்கும் மணலில்தான் கரை நிற்கிறது. அது குறைந்தால் கரையைக் கடல் தின்னும். அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டு விளக்கும் அதில்தான் எரிகிறது. நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என்று பிரித்துக் கொடுக்காமல் இந்தச் சிக்கலை அப்படியே முன்னால் வைத்தால் இந்த வயதில் பிடித்துக்கொள்கிறார்கள். போஸ்டரில் டொல்பின் வரையச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள். 2004இல் தென்மேற்குக் கரையில் பெரெலியவில் ரயிலை அலை புரட்டியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை, அவர்களுக்கோ அது கதை. அந்தப் பக்கத்துக் கடலில் சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை வெட்டி எடுத்திருந்ததையும், முருகைப் பார் பெரும்பாலும் மிஞ்சியிருந்த பக்கத்து ஹிக்கடுவையில் அலை அவ்வளவு தூரம் உள்ளே வராததையும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை.

கண்டல் கன்று நடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை 2015இல் எல்லாக் கண்டல் காடுகளையும் பாதுகாப்பதாக அறிவித்தது, அப்படி அறிவித்த முதல் நாடு என்று பெயரும் வாங்கியது. பெருமைதான். ஆனால் சுனாமிக்குப் பின் நட்ட கண்டல் கன்றுகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. உப்பின் அளவும் நீர்மட்டமும் பாராமல் இடம் கண்ட பக்கமெல்லாம் நட்டதன் பலன் அது. பிள்ளைகள் கையில் கன்றைக் கொடுத்துப் படம் எடுப்பதை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுதான் காரணம்.

சரி, என்ன கேட்கிறேன்? பெரிதாக எதுவும் இல்லை. மலையகப் பாடசாலைகள் வருடத்துக்கு ஒருமுறை கொழும்புக்குச் சுற்றுலா போகின்றன. அதிகாலை மூன்று மணிக்கு பஸ் ஏறி மிருகக்காட்சிசாலை, விமான நிலையம், காலிமுகத்திடல் என்று ஓடிவிட்டு நடுச்சாமத்தில் திரும்புகிறோம். பாதிப் பேர் வாந்தி. கட்டுநாயக்கவில் விமானம் பார்க்க வேலியோரம் நிற்கிறோமே, அதற்குப் பக்கத்திலேதான் நீர்கொழும்புக் களப்பு இருக்கிறது. கண்டலும் முத்துராஜவெல சதுப்பு நிலமும் அங்கேயே. மிருகக்காட்சிசாலையை விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் அங்கே நிற்க அனுமதியும், விளக்கிச் சொல்லத் தமிழ் பேசும் ஒருவரும் கிடைத்தால் போதும். தமிழில் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை எங்களுக்கு அனுப்பிய கைநூல் முழுக்கச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது, அட்டையில் மட்டும் தமிழில் 'கடல்' என்று போட்டிருந்தார்கள்.

பயிற்சியைக் கரையோர மாவட்டங்களோடு நிறுத்துபவர்கள் ஆறு தொடங்கும் இடத்தையும் கணக்கில் எடுக்கட்டும். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் அப்பாவுக்குத் தோட்டத்தில் கான் வெட்டும் வேலை. மண் அடித்துக்கொண்டு போகாமல் கானுக்குள் ஆங்காங்கே குழி விட்டு வெட்டுவார். அந்தக் குழி எதற்கென்று வகுப்புக்கு விளக்கியவள் அவள்தான், நான் இல்லை.

மகாவலியின் மறுமுனையில், மூதூரிலோ கிண்ணியாவிலோ விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் எவராவது இதை வாசித்தால், உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கான் தண்ணீர் ஒரு போத்தல் இங்கிருந்து அனுப்புகிறோம். அங்கிருந்து ஒரு போத்தல் கழிமுகத்துத் தண்ணீரும், கரையில் ஒதுங்கும் சங்கும் சிப்பியும் கொஞ்சம் அனுப்பினால் எங்கள் பிள்ளைகள் மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். ஜன்னலில் இடம் இருக்கிறது. பழைய இரண்டு போத்தல்களையும் எடுக்கச் சொல்லி அதிபர் இரண்டு தடவை சொல்லிவிட்டார், நான் இன்னும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.