தட்டட்டியில் உன் அம்மா

அம்பாசமுத்திரம்
புதன்கிழமை

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்தது. முழங்காலுக்கு அறுவை சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்று நீ அடம்பிடிப்பதாக உன் மருமகள் தொலைபேசியில் சொன்னாள். நான் அவள் கட்சி. மாடிப்படி ஏற முடியாமல் கீழ் அறையிலேயே அடைந்து கிடப்பது என்ன வைராக்கியம் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கடிதத்தை முடித்துவிட்டுப் பார் என்றால் நீ கேட்கமாட்டாய், ஆகவே பார்த்துவிட்டே படி. எங்கள் வீட்டுத் தட்டட்டி, அந்த மொட்டை மாடிதான். ஈர வேட்டி விரித்திருக்கிறது, பக்கத்தில் கூழ்ப்பானை, சுற்றிலும் வத்தல் பிழிகிற நான்கு பெண்கள். இடது ஓரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையோ அதட்டுகிற மாதிரி வாயைத் திறந்திருப்பது உன் அம்மா. உங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் ஸ்டூடியோக்காரர் நெகடிவில் பென்சிலை வைத்துக் கன்னத்துச் சுருக்கத்தையெல்லாம் துடைத்துவிட்டார். கூடவே உன் அம்மாவையும் துடைத்துவிட்டார். இதில் இருப்பது, ஈர வத்தலைத் திருடித் தின்ற நம் இருவரையும் விரட்டிய அதே ஆள்.

தம்பி மகன் விடுமுறைக்கு வந்தபோது மச்சிலிருந்து தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கினான். அவருடைய கேமராவை நீ மறந்திருக்கமாட்டாய். வதோதராவில் செய்த ஆக்ஃபா கிளிக் மூன்று. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். முதுகில் ஒரு சிவப்புச் சன்னல் இருக்கும். அதில் அடுத்த எண் தெரியும்வரை குமிழைத் திருகுவது பேரப்பிள்ளைகள் வேலை, அதற்கே அடிதடி. உதகை ஆலையில் 1967இல் உற்பத்தி தொடங்கிய பிறகு ‘இந்து’ என்ற நம் ஊர் ஃபிலிமுக்கு மாறினார். சுருள் முடிந்த பிறகுதான் கழுவக் கொடுப்பார். அதனால் சித்திரை விசுவுக்குப் பாபநாசம் போய்க் குளித்த படமும் ஆடி மாதத்துப் படமும் ஒரே சுருளில் அடுத்தடுத்து இருக்கின்றன. பெரிதாக்க மாட்டார், நெகடிவை அப்படியே தாளில் வைத்து அச்சிட்ட, உள்ளங்கைக்குள் அடங்குகிற சதுரப் படங்கள்தான். இப்போது அந்த நெகடிவ்களையே கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினால், அச்சில் வெறும் புள்ளியாக இருந்தவர்களுக்கெல்லாம் முகம் வருகிறது. வத்தல் படத்தில் உன் அம்மா கையிலிருக்கும் கண்ணாடி வளையலைக்கூட எண்ணலாம்.

நாலைந்து நாள் இவற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. பட்டாசலில், அந்த இருட்டுக் கூடத்தில், நடந்த எதற்கும் படமே இல்லை, விசாலம். பெண் பார்த்தது, நிச்சயத் தாம்பூலம், பாகப் பிரிவினைப் பேச்சு என்று வீட்டின் பெரிய விஷயமெல்லாம் அங்கேதான் நடந்தது. அவரிடம் ஃபிளாஷ் கிடையாது. அந்தக் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, இருட்டில் ஒன்றும் விழாது. நல்ல வெளிச்சம் தட்டட்டியிலும் புறவாசலிலும் கிணற்றடியிலும்தான் இருந்தது. காலைப் பத்து மணிக்கு அங்கெல்லாம் யார் இருந்தார்கள்? நம் அம்மாக்கள்தான். அரிசி புடைத்துக்கொண்டும் புளி கொட்டை எடுத்துக்கொண்டும் ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிக்கொண்டும் இருந்தார்கள். ஸ்டூடியோவுக்குப் போனால் ஆண்கள் நாற்காலியில் உட்காருவார்கள், பெண்கள் பின்னால் நிற்பார்கள். இங்கே சூரியன் பார்த்து இடத்தை மாற்றிவிட்டது. தாத்தாவைப் பெரிய முற்போக்காளர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய கேமரா அவரைவிட முற்போக்காக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஆச்சி அதிகம் இல்லை. அடுக்களையில் வெளிச்சம் ஏது? புகை கப்பிய அந்த ஒற்றைச் சன்னலில் கேமராவுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆச்சி வெளியே வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படங்கள் மட்டும் இருக்கின்றன, அவையும் அவசரமாக அடுக்களைக்குத் திரும்பப் போகிற நிற்பு.

இன்னொரு விஷயம், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். விக்கிரமசிங்கபுரம் மில்லில் கணக்கெழுதியவருக்கு வேறு எந்த நாள் கிடைக்கும்? ஆல்பத்தைப் பார்த்த தம்பி மருமகள், “உங்கள் வீட்டில் எப்போதும் கூட்டமும் சிரிப்புமாகவே இருந்திருக்கிறது” என்றாள். திங்கள் முதல் சனி வரை அந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், சிரிப்பாய். என் சித்தி கல்யாணத்து மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைத்த நாள். சொதிக்குத் தேங்காய்ப்பால் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுக்க எத்தனை தேங்காய் வேண்டும், யோசித்துப் பார். பந்தி நடந்த பட்டாசலுக்குப் படமில்லை, புறவாசலில் தேங்காய் துருவியதற்கு இருக்கிறது. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்று கடைசிவரை பெருமை பேசினாரே பெரிய மாமா, அவர்தான் நடுவில் சம்மணம் போட்டுத் துருவிக்கொண்டிருக்கிறார்! கை மட்டும் ஆடிப் பனிமூட்டமாக விழுந்திருக்கிறது. அத்தைக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். “இதைச் சட்டம் போட்டு மாமாவின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறேன்” என்று பதில் வந்தது.

உன்னிடமும் உங்கள் அப்பாவுடைய நெகடிவ்கள் பிஸ்கட் டப்பாவில் இருப்பதாகச் சொல்லியிருந்தாய். உடனே திறந்து முகர்ந்து பார். காடி வாடை வந்தால் அந்தச் சுருளைத் தனியாக எடுத்துவிடு. அந்தக் கால ஃபிலிமில் இருக்கும் அசிடேட் வெக்கையிலும் ஈரத்திலும் சிதைந்து அமிலமாகிவிடுகிறது. அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். எங்கள் பெட்டியில் இரண்டு சுருள் அப்படி நெளிந்து சுருண்டுவிட்டன. மற்றவற்றைக் காகித உறையில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் வை. உன் கல்யாண ஆல்பம் இருக்கிறதே, எண்பதுகளில் வந்த பசைப் பக்க ஆல்பம், அதை முதலில் கவனி. பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும், உரித்தால் கிழியும். பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யச் சொல். கறுப்பு வெள்ளை வெள்ளியில் பதிந்தது, சரியாகக் கழுவியிருந்தால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். வண்ணப் படம் வெறும் சாயம், வெளுத்துக்கொண்டே போகும். என் கல்யாணப் பட்டு இப்போது செங்கல் நிறத்தில் இருக்கிறது, அரக்கு என்று சொன்னால் பேத்தி நம்பமாட்டேன் என்கிறாள்.

இனி நான் உன்னிடம் கேட்க வேண்டியது. தாத்தா படத்தின் பின்பக்கம் எழுதியிருப்பதெல்லாம் ‘வெயில், காலை 10, கை ஆடவில்லை’ என்கிற ரகம். ஒருவர் பெயர்கூடக் கிடையாது! மில் கணக்குப்பிள்ளைக்கு வெயில் முக்கியம், ஆள் முக்கியமில்லை. உனக்கு அனுப்பிய படத்தில் உன் அம்மா, என் அம்மா, பெரியம்மா மூவரும் தெரிகிறார்கள். வலது ஓரத்தில் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, கையில் கரண்டியோடு இருப்பது யார்? எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த கம்பவுண்டரின் மனைவி என்று நான் நினைக்கிறேன். தம்பி, உன் சின்னச் சித்தி என்கிறான். உன் சித்திக்கு அப்போது கல்யாணமாகி இந்த ஊரை விட்டுப் போயாகிவிட்டதா? மூக்குத்தி வலது மூக்கில் இருக்கிறது, அதை வைத்துச் சொல்ல முடிகிறதா பார். உன் அண்ணனையும் கேள், அவர் நினைவு இன்னும் கூர்மையாக இருக்கும்.

படத்தை லேமினேட் செய்துவிடாதே. பெரிதாக வேண்டுமென்றால் சொல், இங்கேயே அச்சிட்டு அனுப்புகிறேன். டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டு எழுது, துணைக்கு நான் வந்து இருக்கிறேன். அங்கே பத்தியச் சமையல் யார் செய்வார்கள் என்று உன் மருமகள் கவலைப்பட வேண்டாம்.

உன்
கோமதி