பள்ளியை மூடும் முன் வகுப்பறைக் காற்றை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருந்தொற்று வந்தால் பள்ளிகளை மூடுவதா, திறந்து வைப்பதா என்ற வாதத்தில் இரு தரப்பாரும் அன்றாடத் தொற்று எண்ணிக்கையையே காட்டுகிறார்கள். அது ஊர் முழுவதற்குமான கணக்கு. பிள்ளைகள் 6 மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அறையின் நிலை அதில் தெரியாது.

எந்த நோய் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஃப்ளூ குழந்தைகள் வழியாக வேகமாகப் பரவும். ஆரம்பத்திலேயே சில வாரம் மூடினால் பயன் கிடைக்கலாம். கோவிட் குழந்தைகளைப் பெரும்பாலும் லேசாகவே தாக்கியது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே சிறு வகுப்புகளைத் திறந்தது. ஸ்வீடன் அந்த வசந்த காலத்தில் 16 வயதுக்குட்பட்டோரின் பள்ளிகளைப் பொதுவாக மூடவே இல்லை. இத்தனைக்கும் 1918 ஃப்ளூவின்போதே நியூயார்க்கும் சிகாகோவும் பள்ளிகளைத் திறந்து வைத்திருந்தன. நெரிசலான வீடுகளில் அடைந்து கிடப்பதைவிட, மருத்துவரும் செவிலியரும் தினமும் பார்க்கும் இடத்தில் பிள்ளைகள் இருப்பது மேல் என்பது அன்றைய நியூயார்க் சுகாதாரத் துறையின் வாதம்.

காற்றில் பரவும் நோய் என்றால், வகுப்பறையில் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி ஒன்றை வையுங்கள். வெளிக்காற்றில் அதன் அளவு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. அறையில் 800-க்குள் இருந்தால் நல்லது. 1,500-ஐத் தாண்டினால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். 2,000 என்றால், உள்ளிழுக்கும் 100 மூச்சில் ஏறத்தாழ 4 மூச்சு, அதே அறையில் யாரோ ஏற்கெனவே விட்ட காற்று. கருவி அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையாக இருக்கட்டும். மலிவான சில கருவிகள் வேறு ஆவிகளை உணர்ந்து கணக்குப் போட்டு ஓர் எண்ணைக் காட்டுகின்றன. கைச் சுத்திகரிப்பானைத் திறந்தாலே எகிறிவிடும். பிள்ளைகள் உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில், ஜன்னலுக்கும் யாருடைய வாய்க்கும் ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பாடம் தொடங்கி 40 நிமிடம் கழித்துக் கருவி காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஜன்னலோரம் வைத்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று எழுதிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

சீலிங் ஃபேன் உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு பக்கத்தில் பெடஸ்டல் ஃபேனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தால் மறுபக்கத்திலிருந்து புதுக்காற்று வரும். அப்படியும் போதாத அறைக்கு, காற்றிலுள்ள நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வேண்டும். கணக்கு எளிது: 8 மீட்டர் நீளம், 6 அகலம், 3 உயரம் என்றால் 144 கன மீட்டர். மணிக்கு 5 தடவை அறை நிறையச் சுத்தமான காற்று என்ற அளவுக்கு 720 கன மீட்டர் தேவை. மணிக்கு 360 தரும் கருவி இரண்டு. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பது உச்ச வேகத்துக்கான எண். அந்த வேகத்தில் இரைச்சல் தாங்காமல் ஆசிரியர் குறைத்துவிடுவார். குறைத்தபின் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். ஆகவே நடு வேகத்தில் என்ன தரும் என்று கேட்டு வாங்குங்கள். பீரோவுக்குப் பின்னால் ஒதுக்கி வைக்காதீர்கள். இன்னொன்று: இந்த வடிகட்டி கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. அந்த எண் இறங்கவில்லையே என்று வடிகட்டியை அணைத்துவிடக் கூடாது.

காற்று மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் சான்று உண்டு. 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில், தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் நோய் அறிகுறியோடு வந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பாடம் வாசித்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன, ஹெப்பா வடிகட்டியும் ஓடியது. 24 மாணவர் இருந்த அந்த வகுப்பில் 12 பேருக்குத் தொற்று. முன் இரண்டு வரிசையில் இருந்த 10 பேரில் 8 பேருக்கு. சம்பளம் போகாத நோய் விடுப்பும் மாற்று ஆசிரியரும் இல்லாத பள்ளியில், காய்ச்சலோடு யாராவது வரத்தான் செய்வார்கள். விரைவுப் பரிசோதனை முதல் நாள் ‘இல்லை’ என்று காட்டினாலும் 48 மணி நேரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். ஆசிரியர்கள் கூடிச் சாப்பிடும் அறையையும் மறக்கக் கூடாது. வகுப்பறைக்கு அத்தனை ஏற்பாடு செய்யும் பள்ளிகள், கதவைச் சாத்திய அந்தச் சிறிய அறையை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

மூடித்தான் ஆக வேண்டும் என்ற நிலை பெரும்பாலும் ஆசிரியர் பற்றாக்குறையால் வரும். அப்போது இரண்டு வகுப்பை ஓர் அறையில் சேர்ப்பது மிக மோசமான வழி. ஒரு வகுப்பை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மேல் வகுப்புகளை முதலில் மூடி, கடைசியாகத் திறக்கலாம். அவர்கள் இணையவழியில் ஓரளவு சமாளிப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கும் பிள்ளையால் திரை வழியே அது முடியாது. ‘மறு உத்தரவு வரும் வரை’ என்று மூடும் ஆணையை எந்த அரசும் இனிப் போடக் கூடாது. 14 நாள் என்றால் 14 நாள் என்று எழுதட்டும். 10-வது நாளில் யார், எந்த எண்களைப் பார்த்து நீட்டிப்பார்கள் என்பதும் அதே ஆணையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டடக் காற்றோட்டப் பொறியாளர் ஒருவர்