நாலரை மணித் தட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. கிணத்துல தண்ணி ஏறியிருக்கு. மத்ததெல்லாம் வழக்கம்போல.

போன்ல கேட்டா "சாப்பிட்டேம்மா, வைக்கிறேன்"னு முடிச்சிடுற. அதான் எழுதுறேன், காகிதத்தை யாரும் பாதியில வைக்க முடியாது பாரு. பெரியவ பிறந்தநாள் போட்டோ பார்த்தேன். கேக் ஊட்டக் கையைத் தூக்கினதுல உன் வளையல் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்துச்சு. அது வேற விஷயம். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் என்ன கொடுக்கிறதுன்னு போன மாசம் கேட்டியே, அதைச் சொல்றேன்.

முதல்ல நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து கை கால் கழுவினதும் நாலரைக்குத் தட்டு வந்திடணும். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணின்னா நடுவுல ரெண்டரை மணி நேரமாவது வேணும். ஆறரைக்குத் தின்னுட்டு எட்டு மணிக்குச் சோறு இறங்கலைன்னா பிள்ளையைத் திட்டி என்ன பிரயோசனம்? அளவு அவங்கவங்க கைப்பிடி. பெரியவளுக்கு அவ கையால ரெண்டு பிடி, சின்னவனுக்கு அவன் கையால ஒரு பிடி. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம். உனக்கும்னு எழுதியிருக்கேன், சரியா படி.

என்னைக் கேட்டா வாரத்துல மூணு நாள் சுண்டல்தான். கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு டம்ளர் (200 மில்லி டம்ளர்) ஊறி வெந்தா ரெண்டு டம்ளருக்கு மேல வரும், நாலு பேருக்குத் தாராளம். படுக்கப் போறப்ப மூணு பங்கு தண்ணி விட்டு ஊறப்போடு. எட்டு மணி நேரம் குறையக் கூடாது. காலையில தண்ணியை வடிச்சு ஃபிரிட்ஜில வச்சிரு. ஊறின தண்ணியோட வெளியில விட்டுட்டு ஆபீஸ் போனேன்னா சாயங்காலம் நுரைச்சு வாடை அடிக்கும்.

குக்கர்ல கடலை மூழ்கத் தண்ணி விட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சுப் பதினைஞ்சு நிமிஷம். ரெண்டு விரல்ல அமுக்கினா நசுங்கணும், ஆனா தோல் கழலக் கூடாது. எவ்வளவு நேரம் வச்சாலும் கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னியே, அது உங்க அபார்ட்மெண்ட் போர் தண்ணியால. உப்புத் தண்ணியில பயறு வேகாது. குடிக்கிற தண்ணியிலயே ஊறப்போட்டு அதுலயே வேக வை. வருஷம் கடந்த பழைய கடலையும் வேகாது, கால் கிலோவுக்கு மேல வாங்கி அடுக்காதே. யாராவது ஆப்பசோடா போடச் சொல்வாங்க, போடாதே. தோல் கரைஞ்சு வழவழன்னு ஆயிடும், பி வைட்டமினும் போயிடும். வெந்த தண்ணியைச் சாக்கடையில ஊத்தாதே, அன்னைக்கு ரசத்துக்கு ஆகும்.

தாளிக்க நல்லெண்ணெய் ரெண்டு டீஸ்பூன் போதும். கடுகு, உளுத்தம்பருப்பு, வத்தல், கறிவேப்பிலை, பெருங்காயம். கடலையில இருக்கிற ஈரம் சுண்டினப்புறம்தான் தேங்காய்த் துருவல் ரெண்டு கரண்டி. ஈரத்தோட போட்டா ராத்திரிக்குள்ள ஊசிடும். எலுமிச்சையை அடுப்பை அணைச்சு, கை பொறுக்கிற சூடு வந்தப்புறம் பிழி. கொதிக்கையில பிழிஞ்சா கசக்கும், அதுல இருக்கிற வைட்டமின் சியும் வீணாப்போகும். கடலையில இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல சேர்க்கிறதே அந்த எலுமிச்சைதான். அதே மாதிரி டீயையும் காபியையும் ஒரு மணி நேரம் தள்ளி வை. சுண்டலைத் தின்னுட்டுக் கையோட டீ குடிச்சா அந்த இரும்புல பாதிகூட ஒட்டாது. நீ டீயை மட்டும் குடிச்சுட்டு சுண்டலைப் பிள்ளைகளுக்குத் தள்ளுறவ. எனக்குத் தெரியாதா?

பாசிப்பயறுக்கு நாலு மணி நேரம் ஊறல், ரெண்டு விசில். மூணாவது விசில் போச்சுன்னா கூழ். முளைகட்டினதுன்னா சின்னவனுக்கு வேக வச்சுத்தான் கொடுக்கணும், பச்சையா வேண்டாம். இன்னொண்ணு, அவனுக்கு மூணு வயசுதான் ஆகுது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை எதையும் முழுசாக் கொடுக்காதே. மூச்சுக்குழல்ல போய் அடைக்கும். அஞ்சு வயசு வரைக்கும் நசுக்கித்தான் கொடுக்கணும், உட்கார வச்சுத்தான் கொடுக்கணும். ஓடிக்கிட்டே தின்ன விடாதே. போன தடவை இங்க வந்தப்ப ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே கடலை தின்னான், நான் சொன்னதுக்கு உனக்குக் கோபம் வந்துச்சு. வந்தா வரட்டும், திரும்பச் சொல்றேன்.

இந்தியாவுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019–21 குடும்பநல ஆய்வு சொல்லுது. இதை உன்னை வச்சுச் சொல்லலை. சும்மா சொன்னேன்.

அடுத்தது பிடிகொழுக்கட்டை. ஞாயித்துக்கிழமை உடைச்சு வச்சுட்டா வாரம் முழுக்க ஓடும். ஒரு டம்ளர் பச்சரிசி, ரெண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, அரை டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சீரகம். வெறும் சட்டியில சூடு ஏற வறுத்து, ஆறவிட்டு, மிக்ஸியில ரவை பதத்துக்கு உடை. மாவு கலந்து கிடந்தா சலிச்சு எடுத்துடு, இல்லன்னா களியாப் போயிடும். ஒரு பங்கு ரவைக்கு ரெண்டு பங்கு தண்ணி. தாளிச்சு, தண்ணி கொதிக்கையில உப்பும் தேங்காயும் போட்டு, ரவையைத் தூவிக் கிளறி, தண்ணி வத்தினதும் மூடி அஞ்சு நிமிஷம் விடு. கை சூட்டுல பிடிச்சு, இட்லிப் பானையில தண்ணி கொதிச்சப்புறம் வச்சு பன்னிரண்டு நிமிஷம். பிடிக்கிறப்ப வெடிச்சா வெந்நீர் தெளிச்சுக்கோ. கையில ஒட்டினா தண்ணி கூடிப்போச்சு, அடுத்த தடவை கால் டம்ளர் குறை. வரகரிசியிலயும் இதே கணக்குத்தான். வெந்து வர்ற முதல் கொழுக்கட்டையை நின்னுக்கிட்டே வாயில போட்டுக்கோ. உப்புப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

கேழ்வரகுப் புட்டு உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். பெரியவளுக்குப் பிடிக்கும், அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு. 100 கிராம் கேழ்வரகுல 340 மில்லிகிராமுக்குக் குறையாமச் சுண்ணாம்புச்சத்து இருக்கு, அரிசி பக்கத்துல நிக்க முடியாது. ஒரு டம்ளர் மாவை வாசம் வர மூணு நிமிஷம் வறு. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணியைக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூட எடுத்து, தெளிச்சுத் தெளிச்சுப் பிசறு. ஊத்திடாதே. கைப்பிடியில அமுக்கினா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா பொலபொலன்னு உதிரணும். அதுதான் பதம். கட்டி இருந்தா மிக்ஸியில ஒரே ஒரு சுத்து. பத்து நிமிஷம் மூடி வச்சுட்டு அவிச்சா பத்து நிமிஷத்துல வெந்திடும். வெளிறின மாவுத் திட்டு தெரிஞ்சா தண்ணி பத்தலை, அது தொண்டையில விக்கும். கம்பு மாவுல செய்யணும்னா வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைச்சுக்கோ. கம்புல கொழுப்பு ஜாஸ்தி, மாவாக்கினா சீக்கிரம் காறல் அடிச்சுக் கசந்திடும். நல்ல கம்பை வாங்கிட்டு ஏமாத்திட்டான்னு கடைக்காரனைத் திட்டுறவங்க நிறைய.

நாப்பது பேரை மேய்க்கிற உத்தியோகம் பார்க்கிறவ நீ. உன் பேரைச் சொன்னா நம்ம தெருவுல இன்னும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க. அப்படிப்பட்டவ ஒரு டம்ளர் கடலையை ஊறப்போட மறந்துட்டேன்னு பாக்கெட்டைப் பிரிக்கிறதா? மறந்த நாளைக்குத்தான் பொரி இருக்கே. சட்டியில ரெண்டு டீஸ்பூன் எண்ணெய், தட்டின பூண்டு நாலு பல், வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஒவ்வொரு கைப்பிடி, கறிவேப்பிலை மொறுமொறுன்னு ஆகணும். அணைச்சுட்டு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு. அடுப்பு எரியுறப்பப் போட்டா தூள் கருகி வீடே தும்மும். அப்புறம் நாலு டம்ளர் பொரியைக் கொட்டிச் சின்னத் தீயில மூணு நிமிஷம் புரட்டு. நல்லா ஆறினப்புறம் டப்பா. சூட்டோட மூடினா வேர்த்து நமத்திடும். பொரி மட்டும்னா அது வெறும் வயித்தை நிரப்புறது, கடலை சேர்ந்தாத்தான் ஆகாரம். இதை மாப்பிள்ளை செய்யலாம். நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

இனிப்புக்கு எள்ளுருண்டை. பாகு காய்ச்சாமச் செய்யலாம். ஒரு டம்ளர் கறுப்பு எள்ளு, அரை டம்ளர் சீவின வெல்லம். எள்ளைக் கழுவிக் கல் அரிச்சு, வடியவிட்டு, வெறும் சட்டியில நடுத்தீயில வறு. படபடன்னு வெடிச்சு, வெடிப்பு ஓயுறப்ப ஒரு எள்ளை நகத்துக்கு நடுவுல நசுக்கிப் பாரு, எண்ணெய் மினுங்கும். உடனே தட்டுல கொட்டிடு. சட்டியிலயே விட்டா அடுப்பை அணைச்சப்புறமும் சூட்டுல கருகும். நாலு எள்ளு கருகினா மொத்தமும் கசப்பு. நல்லா ஆறினதும் மிக்ஸியில விட்டு விட்டுச் சுத்து; ஒரே மூச்சுல ஓட்டினா எண்ணெய் கக்கிச் சகதியாயிடும். பாதி அரைஞ்சதும் வெல்லம், ஏலக்காய், துளி சுக்கு போட்டு ரெண்டு சுத்து. எள்ளோட எண்ணெயிலயே உருண்டை பிடிக்க வரும். கருப்பட்டி போடணும்னா கரைச்சு வடிகட்டித்தான் ஆகணும், மண் இருக்கும்.

கடலைமிட்டாய்க்குத்தான் பாகு வேணும். நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சதில இருந்து உன் மாமா என்னமோ தானே கண்டுபிடிச்ச மாதிரிதான் பேசுறார். ரெண்டு டம்ளர் வறுத்துத் தோல் நீக்கின கடலைக்கு ஒரு டம்ளர் வெல்லம். பாகுல ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு எடுத்து எவர்சில்வர் தட்டுல போட்டா டங்குன்னு கேக்கணும். வளைஞ்சா இன்னும் ஆகலை, அந்த மிட்டாய் பல்லுல அப்பிக்கும். பூஞ்சணம் பிடிச்ச கடலை, சுருங்கின கடலை ஒண்ணுகூடச் சேரக் கூடாது, பொறுக்கி எறிஞ்சிடு. வெல்லம்தானேன்னு அளவில்லாமக் கொடுக்காதே. வெல்லமும் சர்க்கரைதான். ஆளுக்கு ஒண்ணு, தின்னதும் வாய் கொப்பளிக்கணும்.

பாக்கெட் வாங்கியே ஆகணும்னா முன்பக்கத்தைப் படிக்காதே, பின்பக்கத்தைப் படி. எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும்னு சட்டம். மல்டிகிரெயின் பிஸ்கட்னு பெரிசாப் போட்டு, பின்னால முதல் பேரு சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவுன்னு இருக்கும். அது மைதா. ராகி பதினோராவது இடத்துல எங்கேயோ ஒளிஞ்சிருக்கும்.

இவ்வளவும் எழுதிட்டேன். எழுத நினைச்சது இது இல்லை.

அங்கன்வாடியில இருபத்தாறு வருஷம் தாய்மாரை உட்கார வச்சு, "எல்லாரும் தின்னு மிச்சத்தைத் தின்னலாம்னு இருக்காதீங்க"ன்னு படம் மாட்டிச் சொன்னவ நான். வீட்டுக்கு வந்து சட்டியில ஒட்டினதை வழிச்சுத் தின்னேன். நீ ஒன்பதாவது படிக்கையில எனக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் எட்டுன்னு வந்துச்சு. ஊருக்கெல்லாம் கொடுத்த அதே இரும்புச்சத்து மாத்திரைதான், நான் போடலை. அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால இருந்த அட்டையை எடுத்துட்டு வந்து "ஏம்மா இது அப்படியே இருக்கு"ன்னு கேட்ட. "போய்ப் படி"ன்னு சொன்னேன். நீயும் போய்ப் படிச்ச. பந்திக்கு உன்னை முதல்ல உட்கார வச்சதுதான் வளர்ப்புன்னு நினைச்சேன். உனக்கு எதிர்ல நான் ஒரு நாளும் உட்காரலை. போன வாரம் போன்ல "எனக்குப் பசிக்கலைம்மா"ன்னு சொன்ன பாரு, அது அப்படியே என் குரல்.

ஒரு தடவை ரத்தம் பார்த்துடும்மா. பன்னிரண்டுக்குக் கீழ இருந்தா டாக்டர்கிட்ட போ, சுண்டல்ல மட்டும் ஏறாது. மாத்திரை கொடுத்தா போட்டுக்கோ. வேற ஏதாவது மனசுல இருந்தாலும் சொல்லு. சொல்லாட்டியும் பரவாயில்லை, சாப்பிடு.

பஸ்ல பார்சல் போட்டிருக்கேன். எள்ளுருண்டை மொத்தம் 24. நீல மூடி டப்பாவுல பதினெட்டு, அவங்க மூணு பேருக்கு. பச்சை மூடி டப்பாவுல இருக்கிற ஆறும் உனக்கு. சின்னவன் கேட்டா நீலத்துல இருந்து எடுத்துக் கொடு. பச்சை டப்பாவைக் காலி பண்ணி ஊருக்கு வர்றப்ப நீயே எடுத்துட்டு வா, யார் கையிலயும் கொடுத்து விடாதே.

அம்மா