மொந்தேன் மனைவிக்குப் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையாசிரியர் ஒருவருக்கு, மிஷேல் த மொந்தேனுக்கு, சென்ற இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. பாராட்டு அதோடு முடிந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: "மனைவியின் தொணதொணப்பு தாங்காமல் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார் மனிதர்." பலர் படித்துச் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1580 ஜூனில் அவர் ஏன் கிளம்பினார் என்று உங்களுக்குத் தெரியாததா? சிறுநீரகக் கல். பிளோம்பியேர், பாடன், லூக்கா என்று வெந்நீர் ஊற்று இருந்த ஊரெல்லாம் போய்க் குடித்தும் குளித்தும், கல் வெளியே வந்த கதையையும் விடாமல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டு மதச் சண்டையில் நாடு நாசமாகிக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். வீட்டுக் கணக்கு வழக்கு தனக்கு அலுப்பு என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் ஆசை. வெளிநாட்டுக்குப் போயும் பிரெஞ்சுக்காரனையே தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டு உள்ளூர்ச் சாப்பாட்டைக் குறை சொல்கிற தன் நாட்டவரைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஜெர்மானியச் சமையலைக் கற்றுக்கொள்ள ஒரு சமையல்காரரைக் கூட்டி வராமல் போனோமே என்று வருத்தப்பட்டவர். இதில் மனைவியின் வாய் எங்கே வந்தது?

அவர் பதினேழு மாதம் ஊரில் இல்லை. அந்தப் பண்ணையை, ஆட்களை, வரவு செலவை யார் பார்த்தார்கள்? தான் இல்லாதபோது வீட்டு நிர்வாகம் முழுவதையும் மனைவி கையில் விட்டுவிடுவதாக அவரே எழுதியிருக்கிறார். கணவன் வேலை முடிந்து அழுக்கோடு வீடு திரும்பும்போது, நடுப்பகலிலும் தலை சீவிக்கொண்டிருக்கும் சீமாட்டிகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்றும் அதே இடத்தில் ஒரு குத்து. நல்லது, சுற்றப் போனவருக்கு எரிச்சல் வேறு.

என் கணவர் கப்பல் வேலைக்குப் போனவர். நிலத்தீர்வை, மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் பள்ளி, ஓட்டு வீட்டின் ஒழுகல், எல்லாம் என் தலையில்தான். பிரிவு தாம்பத்தியத்துக்கு நல்லது, தூரம் போனால் அன்பு புதுசாகும் என்கிறார் மொந்தேன். பாதி உண்மைதான், அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் இதைச் சொல்வது எப்போதும் போனவராகத்தான் இருக்கிறார், இருந்தவளை யாரும் கேட்பதில்லை. என் கணவர் கப்பலேறியது என் தொணதொணப்புக்குப் பயந்துதான் என்று நாளை யாராவது எழுதினால் நான் சும்மா இருப்பேனா?

திருமணம் கூண்டு மாதிரி, வெளியே உள்ள பறவை உள்ளே வரத் துடிக்கும், உள்ளே உள்ளது வெளியே போகத் துடிக்கும் என்று அவர் சொன்னதைப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள். மொந்தேனின் அதே கட்டுரையில், தங்களைக் கேட்காமல் ஆண்கள் போட்ட விதிகளைப் பெண்கள் ஏற்காவிட்டால் அதில் அவர்கள்மேல் தப்பே இல்லை என்றும் எழுதியிருக்கிறாரே, அதற்கு ஒரு பெட்டி கிடைக்கவில்லையா? இதற்காக அவரைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. பிறந்த ஆறு பெண் குழந்தைகளில் தங்கியது லியோனோர் ஒருத்திதான். செவிலித்தாய் வீட்டில் இருந்தபோதே இரண்டோ மூன்றோ போய்விட்டன, வருத்தம் உண்டு, பெரிய துயரம் இல்லை என்று எழுதிய தகப்பன் அவர். இரண்டோ மூன்றோவாம்! பெற்றவளுக்கு எண்ணிக்கை தெரிந்திருக்கும்.

அடுத்தது நாத்திகப் பட்டம். நாம் பெரிகோர்க்காரர்களாகவோ (அது அவர் சொந்தப் பகுதி) ஜெர்மானியர்களாகவோ இருப்பது போலத்தான் கிறிஸ்தவர்களாகவும் இருக்கிறோம் என்று அவர் எழுதியதை வைத்து, நம்பிக்கையில்லாதவர் என்று முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். ரோமில் பதின்மூன்றாம் கிரகோரி பாப்பரசரின் பாதத்தை முத்தமிட்டவர் அவர். அதே ரோமில் யூதர் வீட்டு விருத்தசேதனத்தையும் போய்ப் பார்த்து நிதானமாக விவரித்திருக்கிறார், சுவிட்சர்லாந்தின் பாசெலில் புரொட்டஸ்டண்டு அறிஞர்களோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அடுத்தவர் மதத்தை முகம் சுளிக்காமல் பார்த்தால் சொந்த மதம் போய்விடுமா? 1581இல் இத்தாலியின் லொரேட்டோ மாதா கோயிலுக்குப் போய் நேர்ச்சை வைத்தார். மாதா, அவர், மனைவி, மகள் என நான்கு வெள்ளி உருவங்கள், மாதா முன்னால் மற்ற மூவரும் முழந்தாளிட்டபடி. வேளாங்கண்ணிக்குப் போய் வந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மூவரின் உருவங்களின் கீழும் பெயர் பொறிக்கச் செய்திருந்தார், மனைவியின் பெயர் உட்பட. உங்கள் நான்கு பக்கத்தில் அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அவர் 1592இல் இறந்த பிறகு, தன் கட்டுரை நூலுக்கு அவர் விட்டுச் சென்ற திருத்தங்களையும் சேர்ப்புகளையும் பாரிஸுக்கு, அந்த நூலைப் பதிப்பித்த மரி த குர்நே என்ற பெண்ணிடம் அனுப்பிவைத்தது இந்தத் தொணதொணத்த மனைவிதான். 1595 பதிப்பு அப்படித்தான் வந்தது.

உங்கள் இதழுக்கு இது புதிதல்ல. எந்த வெளிநாட்டு எழுத்தாளரைப் பற்றி எழுதினாலும் மனைவி ஒன்று ராட்சசி, இல்லாவிட்டால் தியாகி. பெண்களுக்கு மார்ச்சில் ஒரு சிறப்பிதழ், அதிலும் பாதி சமையல் குறிப்பு. இதைப் பற்றி முன்பே ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். "அட்டைப்படம் அருமை" என்ற ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்து என் பெயரோடு பிரசுரித்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. இந்த முறை அட்டைப்படத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம், மறுப்புக் கட்டுரையும் வேண்டாம். அடுத்த இதழில் ஓர் ஓரத்தில் ஒரு வரி போதும்: மொந்தேனின் மனைவி பெயர் ஃபிரான்சுவாஸ் த லா ஷசேஞ், 1565இல் திருமணம், கணவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து 1627இல் காலமானார். இடம் இல்லை என்றால் வாசகர் கடிதப் பகுதியில் இந்த ஒரு பத்தியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருத்தி,
தூத்துக்குடி