உடையை விடுங்கள், வேலையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நூரம்பெர்க், டிரெஸ்டன் சந்தைகளைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருந்தார். ஆனால் ஐரோப்பாவின் இடைக்கால பாணியில், அந்தக் காலத்து உடையோடு நடக்கும் சந்தைகள் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடும் மாறுவேடம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். ஸ்டுட்கார்ட் பக்கம் குடியிருந்து, டிசம்பர் வந்தால் எஸ்லிங்கனில் நடக்கும் அப்படியொரு சந்தைக்குப் போய்வருகிற எனக்கு அந்த வரி மனசுக்கு ஒப்பவில்லை.

எஸ்லிங்கன் நெக்கார் ஆற்றங்கரை ஊர். இரண்டாம் உலகப் போரில் ஸ்டுட்கார்ட்டின் நடுப்பகுதி குண்டுவீச்சில் சிதைந்தது; பக்கத்திலேயே இருந்த எஸ்லிங்கன் பெரும்பாலும் தப்பிவிட்டது. மரச்சட்டங்களுக்கு நடுவே சுவர் எழுப்பிய பழைய வீடுகள் இன்றும் தெருத்தெருவாக நிற்கின்றன. ஹாஃபன்மார்க்ட் சதுக்கத்தில் ஒரு வீட்டு வரிசை 1328க்கும் 1331க்கும் இடையில் கட்டியது. பழைய நகர மண்டபமும் 15ஆம் நூற்றாண்டில் வணிகக் கூடமாகவும் வரி வசூலிக்கும் இடமாகவும் எழும்பியதுதான். அந்தச் சுவர்களுக்கு எதிரில் முரட்டுத் துணி அங்கியோடு ஒருவர் கடை விரித்தால், ஊருக்கும் உடைக்கும் பொருத்தமாகவே இருக்கிறது.

சரி, உடையை விடுவோம். வேலை நிஜம்தானே? கயிறு திரிப்பவரைச் சற்று நேரம் நின்று பாருங்கள். மூன்று கொக்கிகளில் புரிகளை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுகிறார். மறுமுனையைப் பிடித்திருப்பது கூட்டத்திலிருந்து வந்த ஒரு சிறுமி. முறுக்கு ஏற ஏற நீளம் குறைவதால், புரிகள் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுக்கின்றன. காலை ஊன்றிப் பார்க்கிறாள், முடியவில்லை, சிரிப்பு வேறு. அப்புறம் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று புரண்டு, கண்ணெதிரே கயிறாகின்றன. பக்கத்தில் கொல்லர் துருத்தியை ஊதுகிறார். இரும்பின் சிவப்பு மங்கியதும் சுத்தியலை நிறுத்தி, மறுபடி உலையில் வைக்கிறார். குழந்தைகளின் மர ராட்டினத்தைக்கூட ஆட்கள் கையாலேயே சுற்றுகிறார்கள். எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கும் வீட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு, ஒரு பொருளுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கட்டுரையாளர் புகழ்ந்த டிரெஸ்டன் சந்தையே 1434இல் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு நாள் நடந்த இறைச்சிச் சந்தையாகத் தொடங்கியதுதான். பண்டிகைக்கு வேண்டியதை ஊர் மக்கள் வாங்கிக்கொள்ளும் இடம். அலங்காரமெல்லாம் பிறகு சேர்ந்தது. அந்த வகையில் கயிறும் மெழுகுவர்த்தியும் செய்து விற்கிறவர்தான் பழைய சந்தைக்கு நெருக்கமானவர்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட சந்தைகளில் உருளைக்கிழங்குப் பலகாரமும் விற்கிறார்கள். கொலம்பஸுக்குப் பிறகு தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்குக்கு இடைக்காலத்தில் என்ன வேலை? சூடான ஒயினில் போடும் பட்டை விஷயம் வேறு. இலங்கைப் பட்டை அந்தக் காலத்திலேயே அரபு வணிகர்கள் வழியாக வெனிஸ் போய், அங்கிருந்து வடக்கே ஏறியது. வேறோர் ஊரில், இதே பாணிச் சந்தையில் கைவேலை என்று விற்ற மரக் கரண்டியின் அடியில் தொழிற்சாலை ஸ்டிக்கரைப் பார்த்து எரிச்சல் பட்டிருக்கிறேன். உண்மையாக உழைக்கிற கைவினைஞரின் பிழைப்பைக் கெடுப்பது அதுதான். அதைக் கண்டித்து எழுதுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

படிப்புக்கும் வேலைக்கும் இந்தப் பக்கம் வந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்லிங்கனுக்குப் புறநகர் ரயிலில் சீக்கிரமே போய்விடலாம்; அனுமதி இலவசம். வார நாளில் பிற்பகலில் போங்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும், கைவினைஞரின் கை தெரியாது. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பே சந்தையை முடித்துவிடுவார்கள் என்பதால் விடுமுறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஸ்டுட்கார்ட்