குறைந்தபட்சத் தொகை என்னும் கண்ணி

ஐயா,

கடன் அட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் விதித்த வரம்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிய செய்தியைப் படித்தேன். வட்டியை விட ஆபத்தானது, இந்த மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்று பில்லில் அச்சிடப்படும் 'குறைந்தபட்சத் தொகை' என்பது என் கருத்து. குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் தம்பி, மழையால் வெட்டு நின்ற மாதங்களில் மகளின் கல்லூரிக் கட்டணத்தை அட்டையில் செலுத்தினான். நிலுவை 40,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 1,400. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. குறைந்தபட்சத் தொகையாக அவன் தவறாமல் கட்டிய 2,000 ரூபாயில் அசலில் கழிந்தது வெறும் 348! பில்லின் ஓரத்தில் பென்சிலால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் மனைவியின் வளையலை அடகு வைத்து அட்டைக் கடனை முழுவதுமாக அடைத்தான்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் நீளும் என்று பில்லில் எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தால் யார் படிப்பார்கள்? எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு என்று தமிழில், தொகைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். மாவட்ட நிர்வாகமும், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியும் மார்த்தாண்டம், குளச்சல், குலசேகரத்தில் முகாம் நடத்தி, இத்தகைய நிலுவைகளைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றித் தர முன்வர வேண்டும். பால்வெட்டு நிற்கும் மழைக்காலத்துக்கு முன்பே நடத்தினால் நல்லது.

– வாசகர், குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்